வாசகர் கேள்வி – பதில்: ‘ரப்பில் ஆலமீன்’ என்று ஓதும்போது

குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவின் தொடக்கத்தில் வரும் ‘அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்’ (எல்லாப் புகழும் அனைத்துலகங்களின் ரப்பான அல்லாஹ்வுக்கே) என்ற வசனம் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அந்தச் சுருக்கம் பலருக்குப் போதவில்லை என்பதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் காட்டின. திருகோணமலை மாவட்டத்திலிருந்து மட்டும் வந்த ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு வசனத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜும்ஆப் பிரசங்கமொன்றில் மௌலவி அவர்கள் ‘ரப்பு என்றால் எஜமான், முதலாளி, நாம் அவனுடைய அடிமைகள்’ என்று விளக்கினார்கள். சிறு வயதில் எனக்கு ஓதித் தந்த லெப்பை அவர்களோ ‘ரப்பு என்றால் வளர்க்கிறவன்’ என்று சொல்லித் தந்தார்கள். தமிழ்த் தர்ஜமாக்களை (மொழிபெயர்ப்புகளை) பார்த்தால் ஒன்றில் ‘இறைவன்’ என்றும் இன்னொன்றில் ‘இரட்சகன்’ என்றும் இருக்கிறது. நான் வயல் செய்கிறவன், படிப்புக் குறைந்தவன். எதை மனத்தில் வைத்து ஓதுவது? – தோப்பூர் வாசகர் ஒருவர்

பதில்: இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை விட்டு மற்றவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் சொல் பாதியாகிவிடும்.

அரபு மொழியில் ஒரு பொருளுக்கு உரியவனை அதன் ‘ரப்பு’ என்று சொல்லும் வழக்கம் இஸ்லாத்துக்கு முன்பே இருந்தது. இல்லத்தரசியை ‘ரப்பத்துல் பைத்’ என்று அரபுகள் இன்றும் சொல்கிறார்கள். அப்ரஹா யானைப் படையோடு மக்காவை நோக்கி வந்தபோது, அவனுடைய ஆட்கள் நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிபுக்குச் சொந்தமான 200 ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனதாக நபி வரலாறு கூறும் சீறா நூல்கள் சொல்கின்றன. அவற்றைத் திருப்பிக் கேட்கப் போனவரிடம், ‘உங்கள் முன்னோரின் வணக்கத்தலத்தை இடிக்க வந்திருக்கிறேன், நீரோ ஒட்டகங்களைப் பற்றிப் பேசுகிறீரே’ என்று அப்ரஹா வியந்தபோது, அவர் ‘ஒட்டகங்களுக்கு நான் ரப்பு, அந்த வீட்டுக்கு ஒரு ரப்பு இருக்கிறான், அவன் அதைக் காத்துக்கொள்வான்’ என்று மறுமொழி சொன்னார். உடைமை, அதன் மீதான அதிகாரம், அதைக் காக்கும் பொறுப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லில் நிற்பதை இங்கே காணலாம். உங்கள் மௌலவி அவர்கள் எடுத்துக்காட்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

உங்கள் லெப்பை அவர்கள் சொன்னதற்கும் உறுதியான ஆதாரம் உண்டு. குர்ஆனின் சொற்களுக்கு அகராதி செய்த பேரறிஞர் ராகிப் அல் இஸ்ஃபஹானீ அவர்கள், ஒரு பொருளைப் படிப்படியாக, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு, அது நிறைவடையும் எல்லை வரை வளர்த்துக்கொண்டு போவதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்று எழுதியிருக்கிறார்கள். பெற்றோருக்காக நாம் தினமும் கேட்கும் துஆவை நினைத்துப் பாருங்கள்: ‘ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸகீரா’ (குர்ஆன் 17:24). ‘என் ரப்பே, நான் சிறுவனாக இருந்தபோது அவ்விருவரும் என்னை வளர்த்தது போல அவ்விருவர் மீதும் இரக்கம் காட்டுவாயாக.’ ரப்பு என்ற அழைப்பும், வளர்த்தார்கள் என்ற வினையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இலக்கணப்படி இரண்டின் வேரெழுத்துகளும் சற்று வேறுபட்டாலும் பொருளால் அவை நெருங்கிய உறவுள்ள சொற்கள். நம்மை வளர்த்த தாய் தந்தையருக்காக, அவர்களையும் வளர்த்தவனிடம் கேட்கிறோம்.

நீங்கள் வயல் செய்கிறவர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. படிப்புக் குறைந்தவன் என்று நீங்கள் எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை. பெரும்போகத்துக்கு விதைத்த நெல் முளை விட்டு, பயிராகி, குடலை தள்ளி, கதிர் பறிந்து, பால் பிடித்து, மணி முற்றி, அறுவடைக்குத் தலை சாயும் வரை ஒவ்வொரு நிலையையும் வரம்பில் நின்று பார்த்தவர் நீங்கள். தண்ணீர் கட்டியது நீங்கள், களை எடுத்தது நீங்கள், பசளை இட்டது நீங்கள். ஆனால் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு அதைத் தள்ளிய கை உங்களுடையதல்ல என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ‘நீங்கள் விதைப்பதைக் கவனித்தீர்களா? அதை முளைக்கச் செய்கிறவர்கள் நீங்களா, அல்லது நாமா?’ (56:63, 64) என்று குர்ஆன் கேட்பது உங்களைத்தான்.

‘முதலாளி’ என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, மௌலவி அவர்கள் மன்னிக்க வேண்டும். நம் கரையோர ஊர்களில் தோணிக்கும் வலைக்கும் உரிய சம்மாட்டியார் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழ் ஆட்கள் தொழிலுக்குப் போவார்கள். தோணி அவருடையது, வலை அவருடையது, வருமானத்தில் பங்கும் அவருடையது. ஆனால் கடலையும் மீனையும் அவர் உண்டாக்கவில்லை. தொழிலாளியின் தோளில் உள்ள வலுவை அவர் கொடுக்கவில்லை. வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போன பிறகு அவன் மூச்சு விடுவதற்கும் அவருக்கும் தொடர்பில்லை. அல்லாஹ்வின் ரப்புத்தனம் அப்படி எந்த இடத்திலும் முடிந்து நிற்பதில்லை. உடைமையாளன் என்ற உரிமையும், வளர்க்கிறவன் என்ற பரிவும் அவனிடத்தில் பிரிக்க முடியாதவை. ஃபாத்திஹாவில் ‘ரப்பில் ஆலமீன்’ என்றதற்கு அடுத்ததாக ‘அர்ரஹ்மானிர் ரஹீம்’ (அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையவன்) என்றும், அதன் பிறகே ‘தீர்ப்பு நாளின் அதிபதி’ என்றும் வருகிற வரிசையைக் கவனியுங்கள். ஆட்சியைச் சொன்ன வாய் மூடுவதற்குள் அருளைச் சொல்கிறது. அருளில் மனம் அசட்டையாகிவிடாதபடி தீர்ப்பையும் சொல்கிறது.

தர்ஜமாக்களைப் பற்றிக் கேட்டீர்கள். ‘இரட்சகன்’ என்பது காப்பவன் என்ற பக்கத்தை நன்றாகச் சொல்கிறது. வளர்த்தல் அதில் தெரிவதில்லை. ‘இறைவன்’ ஆட்சியைச் சொல்கிறது. ‘பரிபாலிப்பவன்’ என்ற சொல்லில் ஆளுதலும் பேணுதலும் சேர்ந்திருப்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஓதும்போது நாவில் வருவதற்குச் சற்றுக் கனமான சொல். நீங்கள் ‘ரப்பு’ என்றே ஓதுங்கள். பொருளாக ‘என்னை உடையவன், என்னை வளர்த்துக்கொண்டிருப்பவன்’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆலமீன்’ என்பது அல்லாஹ் அல்லாத அனைத்தையும் குறிக்கும் பன்மை. உங்கள் வயலும், வரம்பில் நிற்கும் கொக்கும், கொட்டியாரக்குடாவின் மீன்களும் அதற்குள் அடங்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், சைவன். என்னிடம் படித்த முஸ்லிம் மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற்றபோது அவனைப் பாராட்டினேன். ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே, சேர்’ என்றான். அவனுடைய அடக்கம் என்னை மகிழ்வித்தது. ஆயினும் ஒரு ஐயம்: எல்லாப் புகழும் இறைவனுக்கே என்றால் மனிதனின் உழைப்புக்கு இடமில்லையா? ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டிய நன்றி எங்கே போகிறது? – திருகோணமலை நகர வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இந்த வாக்கியத்தை நாளொன்றுக்குப் பலமுறை சொல்லும் எங்களில் பலர் இதைக் கேட்பதில்லை.

தமிழில் ‘புகழ்’ என்ற ஒரு சொல்லால் சொல்லிவிடுவதை அரபு மூன்றாகப் பிரிக்கிறது: மத்ஹ், ஷுக்ர், ஹம்து. ஒரு முத்து அழகாக இருக்கிறது என்றால் அது மத்ஹ். அந்த அழகை முத்து தன் விருப்பத்தால் தேடிக்கொள்ளவில்லை. அப்படி இருந்தும் அதைப் புகழலாம். ஒருவர் எனக்கு உதவி செய்தார், நான் நன்றி சொன்னேன் என்றால் அது ஷுக்ர். அதற்கு ஓர் உதவி எனக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதை நாவால் மட்டுமன்றி உள்ளத்தாலும் செயலாலும் செலுத்தலாம். ஹம்து என்பது ஒருவனுடைய உயர்ந்த தன்மைகளுக்காகவும், அவன் தானே விரும்பிச் செய்யும் நற்செயல்களுக்காகவும் அன்போடும் மதிப்போடும் புகழ்வது. அவனால் எனக்கு நேரடியாக ஒன்று கிடைத்ததா இல்லையா என்பது அதற்கு நிபந்தனையாவதில்லை. இந்தப் பிரிவினையில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குர்ஆன் விரிவுரையாளர்களில் தபரீ அவர்கள் ஹம்தையும் ஷுக்ரையும் ஏறத்தாழ ஒரே பொருளில் எடுத்தார்கள். இப்னு கஸீர் அவர்கள் அதை ஏற்கவில்லை. ஸமக்ஷரீ அவர்கள் ஹம்தும் மத்ஹும் உடன்பிறப்புகள் என்றார்கள். என் மனத்துக்கு ஒத்துவருவது மூன்றையும் வேறுபடுத்திப் பார்ப்பதுதான். ஏனென்றால் இந்த வசனத்தில் ‘எனக்குத் தந்தாய்’ என்ற சொல்லே இல்லை. ‘நான் புகழ்கிறேன்’ என்று கூட அது தொடங்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பும் புகழ் அவனுக்கே உரியதாக இருந்தது, நான் வாய் மூடிய பிறகும் அப்படியே இருக்கும் என்ற நிலையை அந்த வாக்கியம் அறிவிக்கிறது. ஓதுகிறவன் அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறான்.

இனி உங்கள் ஐயம். ‘எல்லா’ என்ற சொல் மனிதருக்குரிய பாராட்டைப் பறிப்பதற்காக வரவில்லை. மாணவனைப் பாராட்டினீர்கள், அவன் அறிவைப் பாராட்டினீர்கள், விடாமுயற்சியைப் பாராட்டினீர்கள். அவ்வறிவைத் தந்தவன், அம்முயற்சிக்கு உடல்நலம் தந்தவன், உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரை அவனுக்கு அமைத்தவன் யார் என்று பின்னோக்கிப் போனால் பாராட்டு முழுவதும் கடைசியில் ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது. வழியில் உள்ளவர்களுக்கு அதில் பங்கில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ‘மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவராகமாட்டார்’ என்பது நபிமொழி. நபிமொழித் தொகுப்பாளர்களான அபூதாவூதும் திர்மிதீயும் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மாணவன் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று சொன்னதோடு, ‘நீங்கள் படிப்பித்ததற்கு நன்றி, சேர்’ என்றும் சொல்லியிருந்தால் அவனுடைய மார்க்கப்படி அதுதான் நிறைவான மறுமொழியாக இருந்திருக்கும். அவன் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் குறை அவன் நம்பிக்கையில் இல்லை. நாங்கள் அவனுக்கு அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்ததில்தான் இருக்கிறது.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. மனிதரைப் புகழ்வதில் எல்லை மீறுவதை நபி (ஸல்) அவர்கள் தம் விடயத்திலேயே தடுத்தார்கள்: ‘மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்தது போல என்னைப் புகழாதீர்கள். நான் அல்லாஹ்வின் அடியான்தான்; அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று சொல்லுங்கள்.’ உமர் (ரழி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரீ நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ‘முஹம்மது’ என்ற பெயரே ஹம்து என்ற வேரிலிருந்து வந்தது, ‘மிகவும் புகழப்பட்டவர்’ என்பது அதன் பொருள் என்பதையும் சேர்த்து நினைத்தால், அவர்கள் சொன்னதன் கனம் விளங்கும்.

தமிழாசிரியரான உங்களிடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்’ என்று வள்ளுவர் அரசனைச் சொல்கிறார். அந்த அதிகாரத்தின் பெயரே ‘இறைமாட்சி’. இறை என்ற சொல் ஆளும் மனிதனுக்கும் ஆண்டவனுக்கும் தமிழில் பொதுவாக வழங்கியிருக்கிறது. ரப்பு என்ற சொல்லும் அப்படித்தான். யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையில் இருந்தபோது, விடுதலையாகப் போகும் தோழனிடம் ‘உன் ரப்பிடம் என்னைப் பற்றிச் சொல்’ என்றார்கள். எகிப்திய அரசனைத்தான் அப்படிக் குறித்தார்கள். அதே வசனத்தில், சில வார்த்தைகள் தள்ளி, அதே சொல் அல்லாஹ்வைக் குறிப்பதாகவும் அறிஞர்கள் விளக்குகிறார்கள் (12:42). குறளிலும் முறைசெய்தலும் காப்பாற்றுதலும் சேர்ந்த பிறகே ‘இறை’ என்ற பெயர் வருகிறது. ஆட்சியை மட்டும் வைத்துக்கொண்டு காப்பை விட்டவனுக்கு அந்தப் பெயர் இல்லை என்பதை வள்ளுவரிடம் படித்த ஒருவருக்கு, ரப்பு என்ற சொல்லை நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: உயர்தரத்தில் இஸ்லாம் பாடம் படிக்கிறேன். ரப்பு, மலிக், இலாஹ் என்ற மூன்றும் அல்லாஹ்வையே குறிக்கும்போது வேறுபாடு எதற்கு? எகிப்திய அரசன் ஃபிர்அவ்ன் தன்னை ‘ரப்பு’ என்றது ஏன்? – மூதூர் மாணவி ஒருவர்

பதில்: குர்ஆனின் கடைசி சூறா இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது: ‘ரப்பின்னாஸ், மலிகின்னாஸ், இலாஹின்னாஸ்’. மனிதர்களை வளர்த்து உடைமையாகக் கொண்டவன் ரப்பு. அவர்கள் மீது கட்டளை செல்லும் அரசன் மலிக். அவர்கள் வணங்கத் தகுந்தவன் இலாஹ். மக்காவின் இணைவைப்பாளர்களிடம் ‘வானங்களையும் பூமியையும் படைத்தவன் யார்’ என்று கேட்டால் ‘அல்லாஹ்’ என்றுதான் சொல்வார்கள் என்று குர்ஆனே கூறுகிறது (29:61). படைத்தவனை ஒப்புக்கொண்டு, வணக்கத்தை வேறு பக்கம் திருப்பியதுதான் அவர்கள் செய்த தவறு. பரீட்சைக்கு இந்த அளவு போதும்.

ஃபிர்அவ்னைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விதான் ஆழமானது. 26ஆவது சூறாவில் மூஸா (அலை) அவர்கள் அவன் முன் வந்து நின்றதும் அவன் முதலில் சொன்னது என்ன? ‘நீ குழந்தையாக இருந்தபோது உன்னை எங்களிடத்தில் வைத்து நாங்கள் வளர்க்கவில்லையா?’ (26:18). வளர்த்தேன் என்ற சொல்லைத்தான் அவன் முதல் ஆயுதமாக எடுத்தான். வளர்த்தவனுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவன் வாதம். அதற்குப் பிறகுதான் ‘ரப்புல் ஆலமீன் என்பது என்ன?’ என்று கேட்டான் (26:23). மூஸா (அலை) அவர்கள் ‘வானங்களுக்கும் பூமிக்கும் அவற்றுக்கு இடையில் உள்ளவற்றுக்கும் ரப்பு’ என்றும், ‘உங்களுக்கும் உங்கள் முன்னோருக்கும் ரப்பு’ என்றும் சொன்னார்கள். உன்னையும் ஒருவன் வளர்த்தான், உன் பாட்டன் பூட்டனையும் அவனே வளர்த்தான், நீ வளர்த்ததாகச் சொல்லும் பிள்ளையையும் உன் கையால் அவனே வளர்த்தான் என்ற பொருள் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஒரு பிள்ளையைச் சில ஆண்டுகள் தன் மாளிகையில் வைத்திருந்ததைக் கொண்டு உரிமை பேசியவன், ஒரு சமுதாயத்தின் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் செய்தவனும் ஆவான். ‘அன ரப்புக்குமுல் அஃலா’, ‘நானே உங்கள் மிக உயர்ந்த ரப்பு’ (79:24) என்று அவன் சொன்னது பொய் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்து ‘ஸுப்ஹான ரப்பியல் அஃலா’ என்று நாம் சொல்லும்போது, அவன் திருட முயன்ற அதே ‘அஃலா’ என்ற சொல்லை உரியவனிடம் திருப்பிக் கொடுக்கிறோம். அடுத்த முறை ஸுஜூதில் இதை நினைத்துப் பாருங்கள் மகள்.

கேள்வி: 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் என் நான்கு வயது மகனைக் கடல் கொண்டுபோனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பெண்கள் ‘அழ வேண்டாம், அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்’ என்று சொன்னார்கள். என் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொழுகையில் ‘ரப்பில் ஆலமீன்’ என்று ஓதும் இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். ரப்பு என்றால் வளர்க்கிறவன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வளர்க்கிறவன் என்றால் என் பிள்ளையை ஏன் வளர்க்கவில்லை? இப்படிக் கேட்பது ஈமானுக்குக் குறையா? அழுதுகொண்டு தொழுத தொழுகைகள் எல்லாம் செல்லுமா? – கிண்ணியா வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாட்கள் எழுத முடியாமல் இருந்தேன். அந்தக் காலையில் கிண்ணியாவில் கடல் வைத்தியசாலையைக் கூட விட்டுவைக்கவில்லை. அந்த நாளைப் பார்த்த ஊரில் இருந்து வரும் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரியில் பதில் எழுதுவது முறையாகாது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழுகைகள் செல்லும். கண்ணீர் தொழுகையை முறிக்காது. அழக் கூடாது என்று உங்களிடம் சொன்ன பெண்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பாரி வைத்து, மாரடித்து, ஆடையைக் கிழித்துக்கொள்வதைத்தான் தடுத்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இரண்டு வயதும் நிறையாத குழந்தையாக இறந்தபோது அவர்கள் கண்கள் நீர் வடித்தன. வியந்து கேட்ட தோழரிடம் ‘இது இரக்கம்’ என்றார்கள். ‘கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, நம் ரப்புக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் நாம் சொல்லமாட்டோம். இப்ராஹீமே, உன் பிரிவால் நாம் துயரத்தில் இருக்கிறோம்’ என்றார்கள். துயரத்தின் நடுவில் அவர்கள் வாயில் வந்த சொல்லும் ‘ரப்பு’ என்பதே. யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த கவலையில் அழுது அழுது கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது (12:84). அதற்காக அவர்களை அது குறை கூறவில்லை. ‘என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்’ (12:86) என்ற அவர்களுடைய சொல்லை நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறது.

கப்ரடியில் இருந்து அழுத ஒரு பெண்ணை நபி (ஸல்) அவர்கள் கடந்து போனபோது, ‘அல்லாஹ்வைப் பயந்து பொறுமையாக இரு’ என்றார்கள். அவள் அவர்களை யார் என்று அறியாமல், ‘தள்ளிப் போங்கள், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை’ என்றாள். அவர்கள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் யார் என்று பிறகு அறிந்து அவள் அவர்களுடைய வீட்டு வாசலுக்கு வந்தபோது, பொறுமை என்பது முதல் அடி விழும்போது கொள்வதே என்று மட்டும் சொன்னார்கள். துக்க வீட்டுக்குப் போகும் நாம் எல்லோரும் இந்த நிகழ்ச்சியைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

‘அல்ஹம்துலில்லாஹ்’ வாயில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே தமிழாசிரியருக்கு எழுதிய பதிலில் ஹம்துக்கும் ஷுக்ருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னது பெரும்பாலும் உங்களை மனத்தில் வைத்துத்தான். பிள்ளை போனதற்காக நன்றி சொல் என்று அல்லாஹ் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சோதனையில் நம் மீது கடமையானது பொறுமைதான். விரும்பாத ஒன்று நேர்ந்தால் நபி (ஸல்) அவர்கள் சொன்னது ‘அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்’ என்பது. ‘எந்த நிலையிலும் புகழ் அல்லாஹ்வுக்கே’ என்று பொருள். நிலை நல்லது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. நிலை எப்படி இருந்தாலும் அவன் மாறவில்லை என்று மட்டுமே சொல்கிறது. நெஞ்சில் வலி இருக்கும்போதே இதைச் சொல்லலாம். வலி இல்லாதது போல நடிக்க வேண்டியதில்லை.

திர்மிதீயில் ஒரு நபிமொழி இருக்கிறது. அடியான் ஒருவனின் பிள்ளை இறந்தால் அல்லாஹ் மலக்குகளிடம், ‘என் அடியானின் பிள்ளையைக் கைப்பற்றினீர்களா? அவனுடைய உள்ளத்தின் கனியைக் கைப்பற்றினீர்களா?’ என்று கேட்கிறான். ‘என் அடியான் என்ன சொன்னான்?’ என்று கேட்கிறான். ‘உன்னைப் புகழ்ந்தான், இன்னா லில்லாஹி (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள்) சொன்னான்’ என்று அவர்கள் சொன்னதும், ‘அவனுக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு கட்டுங்கள், அதற்குப் பைத்துல் ஹம்து (புகழின் வீடு) என்று பெயரிடுங்கள்’ என்கிறான். பிள்ளையை ‘உள்ளத்தின் கனி’ என்று சொல்வது அல்லாஹ்தான். உங்களிடமிருந்து எடுக்கப்பட்டது எது என்பது அவனுக்குத் தெரியும் என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது. தொண்டை அடைக்கிற அந்த இடத்தில் நீங்கள் ஓதலை விட்டுவிடவில்லை. இத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு நாளும் கடமையான 17 றக்அத்துகளிலும் அந்த இடத்தைக் கடந்து வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு வாயில் வராத ஹம்து இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

‘ஏன் வளர்க்கவில்லை’ என்ற கேள்வி ஈமானுக்குக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அவனிடமே கேட்கிறீர்கள், அவனை விட்டுப் போகவில்லை. அன்று எடுத்ததன் காரணம் அவனுடைய அறிவில் உள்ளது. அதை ஊகித்து உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வளர்ப்பு நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தம் மகன் இப்ராஹீமைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் ‘அவருக்குச் சுவர்க்கத்தில் பாலூட்டும் தாய் ஒருத்தி உண்டு’ என்றார்கள், புகாரீயில் இருக்கிறது. நபியவர்கள் கண்ட நீண்ட கனவொன்றில், பசுமையான ஒரு தோட்டத்தில் உயரமான ஒரு மனிதரையும் அவரைச் சுற்றி ஏராளமான பிள்ளைகளையும் பார்த்தார்கள். அவர் நபி இப்ராஹீம் (அலை) என்றும், அந்தப் பிள்ளைகள் பிறந்த இயல்பிலேயே இறந்தவர்கள் என்றும் அவர்களுக்கு விளக்கப்பட்டது. அதுவும் புகாரீயில் இருக்கிறது. பாலுக்கும் தாய்க்கும் கூட அங்கே ஏற்பாடு செய்கிறவன், உங்கள் மகனை வளர்க்காமல் விட்டான் என்று எப்படிச் சொல்வது? உங்கள் கையால் நான்கு வருடம் வளர்த்தான். இப்போது உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வளர்க்கிறான்.

கேள்வி: தொழுகையில் ருகூவிலிருந்து (குனிந்த நிலையிலிருந்து) நிமிரும்போது சிலர் ‘ரப்பனா லகல் ஹம்து’ (எங்கள் ரப்பே, புகழ் உனக்கே) என்கிறார்கள், சிலர் ‘ரப்பனா வலகல் ஹம்து’ என்கிறார்கள். எங்கள் பள்ளிவாசலில் இதை வைத்து ஒரு சிறு மனஸ்தாபமே வந்துவிட்டது. எது சரி? – குச்சவெளி வாசகர் ஒருவர்

பதில்: இரண்டும் ஆதாரபூர்வமான ஹதீஸ்களில் வந்திருக்கின்றன. முன்னால் ‘அல்லாஹும்ம’ சேர்த்துச் சொல்லும் இரண்டு வடிவங்களும் அவ்வாறே. நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் தொழுத ஒருவர் ‘ரப்பனா வலகல் ஹம்து’ என்பதோடு ‘ஹம்தன் கஸீரன் தய்யிபன் முபாரகன் ஃபீஹ்’ (அதிகமான, தூய, அருள்வளம் நிறைந்த புகழ்) என்றும் தாமாகச் சேர்த்துச் சொன்னார். தொழுகை முடிந்ததும் ‘சொன்னவர் யார்?’ என்று அவர்கள் கேட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மலக்குகள் அதை முதலில் எழுதுவது யார் என்று போட்டியிட்டதைக் கண்டதாகச் சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் ‘வ’ சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அவருடைய தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள். மனஸ்தாபப்பட்டவரிடம் இந்த வாரமே போய் ஸலாம் சொல்லிவிடுங்கள்.